இயந்திரம் ஏன் இன்னும் மலக்குழிக்கு வரவில்லை?

"செயற்கை நுண்ணறிவு நம்ம வேலையைக் காலி பண்ணிடுமா?" நான் வேலை பார்க்கும் துறையில் இப்போது தேநீர் இடைவேளை தோறும் ஓடுகிற பேச்சு இதுதான். நிரல் எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர், படம் வரைகிறவர், கணக்குப் பார்க்கிறவர் என எல்லோருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆனால், ஓர் இயந்திரம் வந்து நம் வேலையை எடுத்துக்கொள்ளாதா என்று காத்திருப்பவர்களும் இதே நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையைப் பறிக்க எந்த இயந்திரமும் அவசரப்படவில்லை. பாதாளச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் இறங்குகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

என் அம்மா ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். நான் மென்பொருள் நிறுவனமொன்றில் சோதனையாளர். ஒரே வீட்டுக்குள் இரண்டு நூற்றாண்டுகள் குடியிருக்கின்றன என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் அது பொய். நாங்கள் இருவரும் இருப்பது ஒரே நூற்றாண்டில்தான். என் கையில் இருக்கும் அதே கைபேசிதான் அம்மா கையிலும் இருக்கிறது. தொழில்நுட்பம் அவரிடம் வந்து சேரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்திருக்கிறது. எதற்காக வந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கையால் மலம் அள்ள ஆட்களை அமர்த்துவதையும் உலர் கழிப்பிடங்கள் கட்டுவதையும் தடை செய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்குவதும் இந்தச் சட்டப்படி குற்றமானது. 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வளர்ந்தது, இழப்பீடு வளர்ந்தது, சாவு நிற்கவில்லை. 2019 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில் 377 பேர் இப்படி இறந்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கணக்குச் சொல்லியிருக்கிறது. இது அரசு ஒப்புக்கொண்ட எண்ணிக்கை மட்டுமே.

இறங்குகிறவர்கள் யார்? இதற்கும் அரசின் கணக்கே இருக்கிறது. 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் நகரங்களில் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யும் தொழிலாளர்களைப் பதிவு செய்தார்கள். 2024இல் வெளியான விவரப்படி, பதிவான சுமார் 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பிற்படுத்தப்பட்டோர் 14.7, பழங்குடியினர் 8.3, பொதுப் பிரிவினர் 8 விழுக்காடு. சாதியெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் இந்த எண்களைத்தான் காட்டுவேன். சாக்கடையின் மூடியைத் திறந்தால் சாதி தெளிவாகத் தெரியும்.

சரி, இந்த வேலைக்கு இயந்திரம் இல்லையா? இருக்கிறது. உறிஞ்சி எடுக்கும் லாரிகளும், அதிவேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட்ராடிங் வண்டிகளும் நம் ஊர்களில் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. 2018இல் கேரளத்தின் இளம் பொறியாளர்கள் 'பேண்டிகூட்' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். பெயருக்குப் பொருள் பெருச்சாளி. ஆள் மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குவார், இயந்திரத்தின் கை மட்டும் உள்ளே இறங்கி மண்ணையும் கசடையும் அள்ளி வரும். திருவனந்தபுரத்தில் அது பயன்பாட்டுக்கும் வந்தது. எனவே கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்கிறோம் என்ற சாக்கு செல்லாது.

அடுத்த சாக்கு, "சந்துக்குள் வண்டி போகாது." இதை அதிகாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன், படித்த நண்பர்கள் சொல்லவும் கேட்டிருக்கிறேன். அதே சந்துக்குள்தான் இணையத்துக்கான ஃபைபர் கேபிள் போயிருக்கிறது. அதே சந்துக்குள்தான் பத்து நிமிடத்தில் மளிகைச் சாமான் வந்து சேர்கிறது. வாங்குகிறவர் இருந்தால் எந்தச் சந்தும் குறுகலாக இருப்பதில்லை. ஹைதராபாத் குடிநீர் வாரியம் 2017இல் குறுகிய தெருக்களுக்காகவே சிறிய ஜெட்டிங் வண்டிகளை இறக்கியது. 2019இல் டெல்லி அரசும் 200 வண்டிகளைக் கொண்டு வந்தது. சந்துக்கு ஏற்ற வண்டி செய்வது பொறியியலுக்குக் கடினமான வேலை இல்லை. செய்யச் சொல்லி யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? விலையில் இருக்கிறது. இயந்திரம் எங்கே வரும், எங்கே வராது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மனித உடலின் விலைதான். கூலி அதிகமாக இருக்கும் இடத்தில், விபத்து நடந்தால் முதலாளி சிறைக்குப் போக நேரும் இடத்தில், இயந்திரம் தானாக வந்துவிடுகிறது. ஒரு பகலுக்குச் சில நூறு ரூபாயும் ஒரு குவார்ட்டரும் கொடுத்தால் இறங்க ஆள் கிடைக்கிற இடத்தில் எந்த ஒப்பந்ததாரர் வண்டி வாங்குவார்? அந்த உடலை இவ்வளவு மலிவாக்கி வைத்திருப்பது சந்தை மட்டும் இல்லை. இந்த வேலைக்கு இந்தச் சாதி என்று பிறப்பிலேயே எழுதி, வேறு வேலைக்குப் போகும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்து, தலைமுறை தலைமுறையாக அந்த விலையைத் தரையோடு தரையாக வைத்திருக்கும் ஏற்பாட்டின் பெயர்தான் சாதி. அது பண்பாடாகவும் இருக்கிறது, கணக்குப் புத்தகமாகவும் இருக்கிறது.

ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுகளுக்கு மேலாக ரயில் கழிப்பறைகள் தண்டவாளத்தின் மேல் அப்படியே திறந்திருந்தன. நிலையங்களில் அதைச் சுத்தம் செய்தவர்கள் யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பயோ-டாய்லெட்டுகள் பரவலாக வந்தது கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள்தான். அந்த மாற்றம் பற்றிய விவாதங்களில் திரும்பத் திரும்ப வந்த ஒரு காரணம், மலமும் நீரும் விழுந்து தண்டவாளம் அரிக்கிறது என்பது. 2012இல் அனில் காகோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்புக் குழுவும் கழிப்பறைகளை மாற்றச் சொன்னது. மனித மாண்புக்காகப் போராடியவர்களின் குரலும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரும்பு துருப்பிடித்தால் அதற்கு இவ்வளவு நட்டம் என்று கணக்கில் ஏறுகிறது. அந்த மலத்தை வாரிய கைகளின் தோல் உரிந்ததற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

இப்போது வந்து சேர்ந்த தொழில்நுட்பத்துக்கு வருகிறேன். நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அலுவலகத்தில் இருந்தே பார்க்கலாம். பெண் தொழிலாளர்கள் கழிப்பறைக்குப் போகவே அஞ்சினார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. எங்கள் ஊரில் கடிகாரம் வரவில்லை, முகத்தைப் படம் பிடிக்கும் வருகைப் பதிவு வந்தது. விடியற்காலை இருட்டில், தெருவிளக்குக்குக் கீழே மேஸ்திரி நீட்டும் கைபேசி முன்னால் அம்மா நிற்க வேண்டும். வெளிச்சம் போதாது, நெட்வொர்க் கிடைக்காது, வியர்வை துடைத்துவிட்டுத் திரும்பவும் நிற்க வேண்டும். "அந்த மெஷினு என் மூஞ்சிய ஏத்துக்கவே மாட்டேங்குதுடி" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். ஏற்றுக்கொள்ளாத அன்று அரைநாள் கூலி போயிற்று. தெருவைக் கூட்டியது உண்மை, குப்பை அள்ளியது உண்மை. ஆனால் இயந்திரம் பார்க்காத உழைப்பு உழைப்பாகாது.

சோதனையாளராக எனக்கு இதில் ஒரு கேள்வி எழுகிறது. என் துறையில் ஒரு மென்பொருள் தப்பாக நடந்தால் அதைப் பயன்படுத்துகிறவருக்கு நட்டம் வராமல் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். பணம் எடுக்கும் செயலி தடுமாறினால் வாடிக்கையாளரின் பணம் திரும்பி வந்துவிடும். வருகைச் செயலி தடுமாறினால் மட்டும் தொழிலாளியின் கூலி ஏன் வெட்டப்படுகிறது? யாருடைய நட்டம் பொருட்படுத்தத்தக்கது என்பதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் அந்தச் செயலியை எழுதியிருக்கிறார்கள். நிரலுக்குச் சாதி தெரியாது என்பார்கள். அதை எழுதச் சொன்னவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும்.

அதோடு, அந்தக் கண்காணிப்பு ஏன் ஒரே திசையில் மட்டும் இருக்கிறது? தொழிலாளி டீ குடிக்க நின்ற ஐந்து நிமிடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. ஒரு மூடி சட்டவிரோதமாகத் திறக்கப்பட்டு ஆள் இறக்கப்படுவதைக் கண்டுபிடிக்கக் கருவி வைக்கவில்லை. மலக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே அது செயலிழக்க வைத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நொடிதான் சாகும் நொடி. அதை முன்கூட்டியே அறியும் கருவி உள்ளங்கையில் அடங்கும். கையில் கட்டக் கடிகாரம் வாங்கியவர்களுக்கு இடுப்பில் மாட்ட அந்தக் கருவி வாங்கத் தோன்றவில்லை.

தொழில்நுட்பத்தைப் பற்றி நம் இயக்க முன்னோடிகள் பேசியதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. 1940களில் பெரியார் 'இனி வரும் உலகம்' என்று எழுதினார். கம்பியில்லாக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும், தூரத்தில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், உடலுறவு இல்லாமலே குழந்தை பிறக்க வழி வரும் என்றெல்லாம் அதில் சொன்னார். கைபேசி வந்த பிறகு அந்தப் பகுதியை எடுத்துப் போட்டு நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் அதே எழுத்தில் இன்னொரு எதிர்பார்ப்பும் இருக்கிறது. கழிப்பறை அள்ளுவது, தெருக் கூட்டுவது, பாரம் சுமப்பது போன்ற வேலைகள் மனிதர் தலையில் இல்லாமல் இயந்திரத்துக்குப் போய்விடும் என்பது அது. சட்டைப்பையில் கருவி வந்துவிட்டது. வீடியோ அழைப்பும் சோதனைக்குழாய்க் குழந்தையும் வந்துவிட்டன. கழிப்பறை அள்ளும் இயந்திரம் மட்டும் பாதி வழியில் நிற்கிறது. ஊகத்தில் பெரியார் தவறவில்லை. எல்லாச் சாதியாருக்கும் தேவைப்பட்டது வந்தது, ஒரு சாதியாருக்கு மட்டும் தேவைப்பட்டது தங்கிவிட்டது.

அம்பேத்கரும் இயந்திரத்தின் பக்கம்தான் நின்றார். காந்தியத்தை விமர்சித்து 1945இல் வெளியான நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். மனிதன் விலங்கைப் போல நாள் முழுக்க உழைத்துக்கொண்டிருந்தால் பண்பாட்டுக்கு நேரம் ஏது? ஓய்வு வேண்டும், ஓய்வைத் தருவது இயந்திரம். இயந்திரத்தால் தீமை விளைகிறது என்றால் அதன் பலனைச் சிலர் அபகரிக்கும்படி இருக்கும் சமூக அமைப்பை மாற்ற வேண்டும், இயந்திரத்தைப் பழிப்பதால் பயனில்லை என்பது அவர் வாதம். இதற்கு நேரெதிராக 1936இல் காந்தி 'ஹரிஜன்' இதழில் லட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். ஒருவர் அந்த வேலையை ஒழிக்கப் பார்த்தார், இன்னொருவர் அதைப் புனிதமாக்கப் பார்த்தார்.

அந்தப் புனிதமாக்கல்தான் இன்றும் நம் பண்பாடு. 2019 கும்பமேளாவில் பிரதமர் தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார். கொரோனா காலத்தில் மாலை போட்டார்கள், பூத் தூவினார்கள், கை தட்டினார்கள். தமிழ்நாட்டில் 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயர் 'தூய்மைப் பணியாளர்' ஆனது. பெயர் மாற்றத்தை நான் கேலி செய்யவில்லை. இழிவான பெயரால் அழைக்கப்பட்டவர்களுக்குப் பெயரும் முக்கியம். ஆனால் மாலைக்கும் பாதபூசைக்கும் ஆகும் செலவு குறைவு என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில், பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று அதே தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். மாலையோடு யாரும் வரவில்லை. நள்ளிரவில் காவல்துறைதான் வந்தது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். "இயந்திரம் வரட்டும் என்கிறாய், வந்தால் உன் அம்மா மாதிரி ஆட்களுக்கு வேலை போய்விடாதா?" போய்விடலாம். அம்மாவுக்கே அந்தப் பயம் உண்டு. தள்ளுவண்டிக்குப் பதிலாக பேட்டரி வண்டி வந்தபோது இடுப்புவலி குறைந்தது, கூடவே ஆட்களும் குறைந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் இரண்டு மடங்கு தெருக்களைப் பார்த்தார்கள். மிச்சமான பணம் ஒப்பந்ததாரருக்குப் போனது. அம்பேத்கர் சொன்ன அபகரிப்பு என்பது இதுதான். ஆகவே இயந்திரம் வேண்டும் என்று கேட்பதோடு நாம் நின்றுவிட முடியாது. அதன் உரிமை யாருக்கு, அதனால் மிச்சமாகும் கூலியும் நேரமும் யாருக்கு என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

டெல்லியிலும் ஹைதராபாத்திலும் தலித் தொழில்முனைவோரை அந்த வண்டிகளுக்கு உரிமையாளர்களாக்க முயன்றார்கள். டெல்லியில் இறந்த தொழிலாளர்களின் குடும்பங்களும் அதில் சேர்க்கப்பட்டன. குழிக்குள் இறங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குழிக்குள் இறங்கியவரின் மகன் குழிக்கு மேலே வண்டி ஓட்டினால், சாக்கடைக்கும் அந்தச் சாதிக்கும் இடையிலான முடிச்சு அப்படியே இருக்கிறது. உயிர் பிழைக்கிறது, சாதி ஒழியவில்லை. வண்டி ஓட்டுகிற வேலை நல்ல சம்பளத்தோடு நிரந்தர அரசு வேலையாகி எல்லோரும் போட்டிபோடும் வேலையாக வேண்டும். குழியில் இறங்கியவர்களின் குடும்பங்களுக்கு மின்வாரியத்திலும் வருவாய்த்துறையிலும் மென்பொருள் நிறுவனத்திலும் கதவு திறக்க வேண்டும்.

எல்லோரும் போட்டி போடுவார்களா என்று கேட்டால், போடுவார்கள். 2019இல் கோவை மாநகராட்சி 549 தூய்மைப் பணியிடங்களுக்கு அழைத்தபோது பொறியியல் பட்டதாரிகள் உட்பட சுமார் 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். நிரந்தரம், மாதச் சம்பளம் என்றதும் தீட்டு கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. ஆனால் அப்படி வேலைக்கு வந்த பிற சாதியினர் கொஞ்ச நாளில் அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கவும், அதிகாரி வண்டி ஓட்டவும் போய்விடுவதை அம்மா பார்த்திருக்கிறார். பதவியின் பெயர் ஒன்றுதான். விளக்குமாறு மட்டும் பழைய கையிலேயே தங்கிவிடுகிறது. எனவே யாரை வேலைக்கு எடுத்தார்கள் என்பதோடு, யாருக்கு எந்த வேலை ஒதுக்கினார்கள் என்பதையும் வெளிப்படையாக வைக்கச் சொல்ல வேண்டும். முகத்தைப் படம் பிடிக்கும் செயலிக்கு இதைச் செய்வது எளிது. செய்யச் சொல்வோம்.

தொழில்நுட்பம் வளர வளரச் சாதி தானே உதிர்ந்துவிடும் என்று நம்புகிற தோழர்கள் என் வயதில் நிறைய உண்டு. உதிரும் என்பதற்கு நான் இதுவரை சாட்சி பார்க்கவில்லை. திருமணத் தகவல் தளங்களில் உட்பிரிவு வரை வடிகட்ட வசதி இருக்கிறது. தரகர் கூட அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லை. பள்ளி மாணவர்களின் கையில் இருந்த சாதிக் கயிறு இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பின்னணி இசையோடு வலம் வருகிறது. நாங்குநேரி கொடூரத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது, ரீல்ஸை என்ன செய்வது? 2015இல் ஷீர்டியில் அம்பேத்கர் பாடலை ரிங்டோனாக வைத்திருந்ததற்காக ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். கைபேசி எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் எந்தப் பாட்டு ஒலிக்கலாம் என்பதில் சாதி இருந்தது. கடல் கடந்தாலும் கதை அதுவே. கலிஃபோர்னியாவின் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சாதிப் பாகுபாடு 2020இல் வழக்கானது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார்.

ஆகவே எதிர்காலம் தானாக வராது. கேட்டு வாங்க வேண்டும். அதைத் தொடங்க நாம் ரிப்பன் மாளிகைக்கோ நாடாளுமன்றத்துக்கோ போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டில், உங்கள் அடுக்ககத்தில், உங்கள் விடுதியில் ஒரு செப்டிக் டேங்க் இருக்கிறது. அதைக் கடைசியாக யார், எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். 2013 சட்டம் நகராட்சியையும் ஒப்பந்ததாரரையும் மட்டும் கட்டுப்படுத்தவில்லை, வீட்டு உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது. பாதுகாப்பின்றி ஆளை இறக்கினால் முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் வர முடியாத குற்றம் அது. செப்டிக் டேங்கை இயந்திரத்தால் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண் இருக்கிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். லாரிக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் ஆகும் என்று யாராவது முனகினால், அந்தச் சில ஆயிரம்தான் இதுவரை ஒரு மனிதனின் உயிருக்கு நாம் போட்டு வைத்திருந்த விலை என்று சொல்லுங்கள்.

பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையைப் பறிக்குமா என்று கவலைப்படுங்கள், தவறில்லை. அந்தக் கவலையோடு சேர்த்து, எந்த வேலைகளை இயந்திரம் பறிக்கவே மாட்டேன் என்கிறது, அந்த வேலைகளில் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு சமூகம் எதை முதலில் இயந்திரத்திடம் கொடுக்கிறது, எதைக் கடைசிவரை மனிதக் கையிலேயே விட்டுவைக்கிறது என்ற வரிசையை எழுதிப் பார்த்தால், அதில் நம் சாதிப் படிநிலை தலைகீழாகத் தெரியும். அந்த வரிசையை மாற்றுவதும் சாதி ஒழிப்பு வேலைதான்.